ஹட்டனில் வீடு வாங்கும் முன்: ஓர் ஆசிரியையின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: அக்கா, நான் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நானும் இரண்டு பிள்ளைகளும் ஓய்வு பெற்ற அம்மாவும் இன்னும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான் இருக்கிறோம். ஹட்டன் டவுனுக்குச் சற்று வெளியே 9 பேர்ச் காணியோடு ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. 1 கோடியே 35 இலட்சம் கேட்கிறார்கள். காணி உறுதிப் பத்திரம், விற்பவருடைய அப்பா பெயரில் இருக்கிறது. அவர் 2016இல் இறந்துவிட்டார், யாருக்கும் எதுவும் எழுதி வைக்கவில்லை. விற்க நிற்பவர் இரண்டாவது மகன். அவருடைய அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார். அண்ணன் கனடாவில், தங்கை கண்டியில். "அவங்க யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்கிறார். நம்முடைய ஆள்தான், நம்பலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தரகரோ, நுவரெலியாவிலிருந்து இன்னொரு பார்ட்டி வருகிறது, இந்தக் கிழமைக்குள் 20 இலட்சம் அட்வான்ஸ் கொடுத்து முத்திரைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறார். உறுதியில் 60 இலட்சம் என்று போட்டால் வரி குறையும் என்றும் சொல்கிறார். எங்கள் சேமிப்பு, சீட்டு, நகை எல்லாம் சேர்த்து 60 இலட்சம். அம்மாவின் சேமலாபப் பணம் 15 இலட்சம். மிச்சம் 60 இலட்சத்துக்கு வங்கிக் கடன் எடுக்கலாம் என்று நினைக்கிறோம். லயத்து வீட்டைப் பக்கத்து டிவிசன்காரர் ஒருவருக்கு 6 இலட்சத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. அட்வான்ஸ் கொடுக்கலாமா? விலை சரியா? லயத்து வீட்டை விற்கலாமா?
வாசகி, டிக்கோயா.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அவசரமான விஷயம். அந்த 20 இலட்சத்தைக் கொடுக்க வேண்டாம். தரகர் நாளைக்கும் கோல் எடுப்பார், நாளன்றைக்கும் எடுப்பார். இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து முடிக்கும்வரை யாருக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நம் நாட்டில் காணி விஷயத்தை ஆளும் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். அசையாச் சொத்தை விற்பதென்றாலும் சரி, விற்பதாக உடன்படிக்கை செய்வதென்றாலும் சரி, உறுதி எழுத அதிகாரம் பெற்ற நொத்தாரிசு ஒருவர் முன்னால், இரண்டு சாட்சிகள் இருக்க எழுதிக் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் அந்த எழுத்துக்குச் சட்டத்தில் வலு இல்லை. முத்திரை ஒட்டி, நான்கு பேர் பார்க்கக் கையெழுத்துப் போட்டாலும் அது வீட்டைப் பெற்றுத் தராது. நாளை அவர் வேறொருவருக்கு விற்றுவிட்டால், "எனக்கு எழுதிக் கொடு" என்று அந்தக் கடதாசியைக் காட்டி நீதிமன்றத்தில் கேட்க முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். அதற்குள் பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

இதை நான் வீட்டிலேயே பார்த்தவள். என் அப்பா ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. 1988இல் டவுனுக்குப் பக்கத்தில் 10 பேர்ச் காணி வாங்கினார், இதே மாதிரி ஒரு கடதாசியில். விற்றவர் நல்ல மனிதர், ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. ஆறு வருடத்தில் அவர் இறந்துபோனார். பிள்ளைகள் வந்து, "அப்பா எழுதிக் கொடுத்தது எங்களுக்குத் தெரியாது, உறுதியைக் காட்டுங்கள்" என்றார்கள். காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. அம்மா நட்ட கறுவேப்பிலை மரத்தையும் அப்படியே விட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பி வந்தோம். "நம்ம ஆள்தான்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு அந்த மரம்தான் நினைவுக்கு வரும்.

இனி உங்கள் விஷயத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். விற்க நிற்கும் மகனுக்கு அந்த வீட்டில் எவ்வளவு உரிமை என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? மலையகத் தமிழருக்கு, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தாது, கண்டியச் சிங்களவரின் கண்டியச் சட்டமும் பொருந்தாது. பொதுச் சட்டம்தான், அதாவது 1876ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டம். அதன்படி, எழுதி வைக்காமல் இறந்தவரின் சொத்தில் பாதி மனைவிக்கு. மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக, அந்த அம்மாவுக்குப் பாதி. மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. 9 பேர்ச்சில் அந்த மகனுடைய பங்கு ஒன்றரைப் பேர்ச். அதுவும் இந்த மூலை, அந்த மூலை என்று காட்ட முடியாத, பிரிக்கப்படாத பங்கு. 1 கோடியே 35 இலட்சத்தைக் கொடுத்துவிட்டு, அவர் கையெழுத்தை மட்டும் வாங்கினால், கிடைப்பது அந்த ஒன்றரைப் பேர்ச் பங்குதான். மற்றவர்கள் வந்து பங்கு பிரிக்கும் வழக்குப் போட்டால் வீடே ஏலத்துக்குப் போகவும் கூடும்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, நேரம் எடுக்கும், அவ்வளவுதான். இவ்வளவு பெறுமதியான சொத்து என்றால் மாவட்ட நீதிமன்றத்தில், இறந்தவரின் சொத்தைத் தீர்க்கும் டெஸ்டமென்டரி வழக்கு நடத்தி, நிருவாகி ஒருவரை நியமித்து, அதன் பிறகுதான் சுத்தமாக விற்க முடியும். அது விற்பவரின் செலவு, விற்பவரின் வேலை. அம்மா, கண்டித் தங்கை, கனடா அண்ணன் எல்லாரும் அந்த வழக்கில் வர வேண்டும், உறுதியிலும் சம்மதத்தோடு நிற்க வேண்டும். அண்ணனால் வர முடியாவிட்டால் அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம், நாம் "பவர்" என்று சொல்வது. கனடாவில் இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தின் மூலம் முறையாக அத்தாட்சிப்படுத்தி, இங்கே பதிவுசெய்த பவராக இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் வந்த படத்தை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று, பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றோடு முடிந்துவிடும்.

வழக்கு முடியும்வரை வீட்டைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால், நொத்தாரிசு முன்னால் விற்பனை உடன்படிக்கை எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிவுசெய்யுங்கள். எல்லாப் பங்குதாரரும் அதில் கையெழுத்திட வேண்டும். முற்பணம் பத்து வீதத்துக்கு மேல் போகக் கூடாது. வங்கி மூலமே கொடுங்கள். வங்கி கடன் தராவிட்டாலோ உரித்தில், அதாவது சொத்துரிமையில், குறை கண்டாலோ முற்பணம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்ற வரி அந்த உடன்படிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வரிக்குச் சம்மதிக்காத விற்பவரிடம் நான் என் சொந்தத் தங்கையை வாங்க விடமாட்டேன்.

காணிப் பதிவகத் தேடுதலை உங்கள் நொத்தாரிசைக் கொண்டு செய்யுங்கள். தரகர் கூட்டி வரும் நொத்தாரிசு வேண்டாம், உங்களுக்காக மட்டும் வேலை செய்பவராக இருக்கட்டும். 30 வருடமாவது பின்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈடு என்னும் அடமானம், தடை, வழக்குப் பதிவு ஏதாவது இருக்கிறதா, உரிமை கைமாறி வந்த தொடரில் விடுபட்ட ஆள் இருக்கிறதா என்று அதில் தெரியும். இதையே வாசிக்கும் வேறு சிலருக்கும் ஒரு சொல்: நீங்கள் வாங்கும் காணி கண்டியச் சிங்களக் குடும்பம் ஒன்றில் நன்கொடை உறுதியால் கைமாறியது என்றால் கூடுதல் கவனம் தேவை. கண்டியச் சட்டத்தில் நன்கொடையைக் கொடுத்தவர், அந்த உரிமையை வெளிப்படையாகக் கைவிட்டிருந்தால் ஒழிய, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கண்டி, மாத்தளை, பதுளைப் பக்கம் இதில் மாட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்து சேவையர், அதாவது நில அளவையாளர். உறுதியில் 9 பேர்ச் என்று இருக்கிறது, சரி. வேலிக்குள் எவ்வளவு இருக்கிறது? ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று நம்முடைய டவுன்கள் எல்லாவற்றையும் தேயிலை சுற்றி நிற்கிறது. டவுன் ஓரத்து வீட்டின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டத்து மண்ணுக்குள் போயிருப்பது சாதாரணம். குசினியும் தண்ணீர்த் தொட்டியும் தோட்டத்துக் காணியில் நிற்கும் வீடுகளுக்கு, நொத்தாரிசாக நான் உறுதி எழுத மறுத்திருக்கிறேன். "இருபத்தைந்து வருஷமா நாங்கதான் ஆளுறோம்" என்பார்கள். பத்து வருட ஆட்சி என்பது தனியாருக்கு எதிராகச் செல்லும். அரச காணிக்கு எதிராக அந்தப் பத்து வருட ஆட்சி செல்லாது. ஆகவே உரிமம் பெற்ற சேவையர் ஒருவரைக் கொண்டு, பழைய பிளானை நிலத்தில் வைத்துப் பார்த்து எல்லைக் கற்களைக் காட்டச் சொல்லுங்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை உறுதியில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனதில் மட்டும் இருக்கும் பாதை, அவர் காணியை விற்ற அன்றைக்கே மூடிவிடலாம். உள்ளூராட்சி சபையில் கட்டட அனுமதி, வீதி எல்லைச் சான்றிதழ், சோலைவரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை உங்கள் நொத்தாரிசு வாங்கிப் பார்ப்பார்.

கடதாசி எல்லாம் சுத்தமாக வந்தாலும் மண் ஒத்துழைக்க வேண்டும். பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யார் மறப்பார்கள்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை சரிவுகள் இறங்கின. அந்த வீட்டுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எடுக்கச் சொல்லுங்கள். வங்கியும் கேட்கும்.

அறிக்கைக்கு முன்னால் உங்கள் கண்ணும் உதவும். தரகர் வெயில் நாளில் பதினொரு மணிக்குக் கூட்டிப் போவார். நீங்கள் நல்ல மழை பெய்யும் ஒரு பின்னேரம் தனியாகப் போய்ப் பாருங்கள். வீட்டின் பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்களா? மேலே இருக்கும் தோட்டத்து வடிகாலான கானின் தண்ணீர் எங்கே இறங்குகிறது? கான் அடைபட்டால் அந்தத் தண்ணீர் முழுக்க உங்கள் கூரைக்குப் பின்னால்தான் வரும். சுவரில் சாய்வாக ஓடும் வெடிப்பு, மூட முடியாத கதவு, ஒரு பக்கம் சாய்ந்த மரங்கள், தரையில் புதிதாக ஊறும் கலங்கல் தண்ணீர், வயிறு தள்ளிய தாங்கு சுவர் — இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விலை பேச்சை நிறுத்திவிடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் பின்பக்கச் சுவரை முதலில் பாருங்கள். நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள், மண்ணின் போக்கைப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. உங்கள் அம்மாவைக் கூட்டிப் போங்கள். முப்பது நாற்பது வருடம் மலையில் கொழுந்து எடுத்தவருக்கு எந்தச் சரிவில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்தவுடன் தெரியும்.

இனி விலை. டவுனைச் சுற்றியுள்ள காணி அநேகமாக அரசுக்குச் சொந்தமானது, தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. தனியார் உறுதியோடு விற்க வாங்கக்கூடியது ரோட்டோரத்தில் ஒரு மெல்லிய பட்டைதான். அந்தப் பட்டைக்காக வியாபாரிகள், அரசாங்க உத்தியோகத்தர்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள், லயத்தை விட்டு வெளியேறத் துடிக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எல்லாரும் போட்டி போடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு விலை. கேட்கும் விலை சரியா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். வங்கி ஏற்றுக்கொண்ட மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் கட்டணம் கட்டி அறிக்கை எடுங்கள். வங்கி கடன் தருவது அந்தப் பெறுமதியைப் பார்த்துத்தான், தரகர் சொன்ன விலையைப் பார்த்து அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நீங்கள் கையிலிருந்து போட வேண்டி வரும், அல்லது அந்த அறிக்கையை வைத்துக்கொண்டே விலையைக் குறைக்கக் கேட்கலாம். உரித்தில் இத்தனை சிக்கல் இருக்கும் வீட்டுக்கு முழு விலை கேட்பது நியாயமில்லை என்றும் தைரியமாகச் சொல்லுங்கள்.

உங்கள் காசுக் கணக்கைப் பார்த்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. 60, 15, 60. சேர்த்தால் சரியாக 1 கோடியே 35 இலட்சம். முத்திரை வரிக்கு எங்கே காசு? முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இந்த விலைக்கு 5,39,000 ரூபா வரும். அதற்கு மேல் நொத்தாரிசு கட்டணம், சேவையர், மதிப்பீடு, வங்கியின் ஈட்டுச் செலவு, தரகர் காசு. தரகருக்கு உறுதி முடிந்த அன்றைக்குக் கொடுத்தால் போதும்.

உறுதியில் 60 இலட்சம் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். முத்திரை வரி சந்தைப் பெறுமதியில்தான் பார்க்கப்படும், குறைத்துப் போட்டால் மிச்சத்தைப் பிறகு கேட்பார்கள். நாளை உரித்தில் பிழை வந்து காசைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் 60 இலட்சத்துக்குத்தான் உங்களிடம் அத்தாட்சி இருக்கும். பின்னொரு நாள் நீங்கள் விற்கும்போதும், வாங்கிய விலை குறைவாக இருப்பதால் மூலதன இலாபம் பெரிதாகத் தெரியும். குடியிருந்த வீட்டை விற்கும்போது, மூன்று வருடம் சொந்தமாக வைத்திருந்து அதில் இரண்டு வருடமாவது வாழ்ந்திருந்தால் அந்த வரியில் விலக்கு இருக்கிறது. ஆனால் வாழ்க்கை எப்போதும் அந்தக் கணக்குப்படி போகாது. பொய்யான தொகைக்கு நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்கள், அதை மறக்க வேண்டாம்.

கடனைப் பற்றி. 60 இலட்சத்தை 20 வருடத்துக்கு 12 வீத வட்டியில் எடுத்தால் மாதம் சுமார் 66,000 ரூபா. வட்டி 20 வீதமானால் அதே கடனுக்குச் சுமார் 1,02,000. 2022, 2023இல் வட்டி 20ஐத் தாண்டிப் போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். எனவே வட்டி எத்தனை வருடத்துக்கு மாறாது என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். கணவரின் ஒப்பந்தம் முடிந்து அவர் ஆறு மாதம் வீட்டில் இருந்தால், உங்கள் சம்பளத்தில் மட்டும் தவணை போகுமா? போகாது என்றால் கடன் பெரிது. 7 பேர்ச்சில் சின்ன வீடாக, டவுனை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். நோர்வூட் பக்கமோ கொட்டகலைப் பக்கமோ இருந்து பஸ்ஸில் பாடசாலைக்குப் போய் வருவது, கடன்காரியாக டவுனில் தூங்காமல் கிடப்பதை விட எவ்வளவோ மேல்.

அம்மாவின் 15 இலட்சத்தை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அது அவருடைய முழு வாழ்நாள் உழைப்பு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, அட்டைக் கடியில் நின்று சேர்த்தது. கூடுமானால் அதில் பாதியாவது அவர் பெயரில் வங்கியில் இருக்கட்டும். முழுவதையும் போட்டே ஆக வேண்டுமென்றால், அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் சீவிய உரித்தை எழுதி வையுங்கள். கடன் எடுப்பதால் வங்கியிடம் முதலே பேச வேண்டும். உறுதியை உங்கள் இருவர் பெயரிலும் எழுதுங்கள். கணவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நகையும் சீட்டும் உங்களுடையது, உங்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

கடைசியாக லயத்து வீடு. தம்பியிடம் அன்பாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: முடியாது. 1972லும் 1975லும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பிறகு 53 வருடக் குத்தகையும் வந்தது. அப்போதும் நிலம் அரசின் கையில்தான் இருந்தது. நீங்கள் பிறந்த காம்பரா அறையும், அப்பா கூரை போட்டு நீட்டிய முன்வாசல் இஸ்தோப்பும் உங்கள் வியர்வை. சட்டத்தில் உங்கள் சொத்து ஆகவில்லை. இது அநியாயம் என்று நீங்கள் சொன்னால் நானும் உங்களோடு சேர்ந்து சொல்வேன். இருநூறு வருடம் இந்த மலையைப் பச்சையாக்கிய மக்களுக்கு ஒரு பேர்ச் மண் எழுதிக் கொடுக்க இத்தனை இழுபறி. ஆனால் அந்த அநியாயத்தை இன்னொரு தோட்டக் குடும்பத்தின் தலையில் இறக்கி வைக்க வேண்டாம். அந்த 6 இலட்சமும் யாரோ ஒரு பெண்ணின் சீட்டுக் காசாகத்தான் இருக்கும். நாளை தோட்ட நிர்வாகம் வந்து கேட்டால் காட்ட அவரிடம் ஒன்றும் இருக்காது. தனக்கு உரிமையில்லாததை விற்றதாக உங்கள் குடும்பத்தின் மேல் பொலிசில் முறைப்பாடும் வரலாம். புது வீடு கைக்கு வந்து, நீங்கள் குடிபோய் முடியும்வரை அந்த லயத்து வீடு உங்களிடமே இருக்கட்டும். அதற்கு முன் அதை விட்டால் நடுவில் எங்கும் ஒதுங்க இடம் இருக்காது.

இத்தனையும் எழுதிய பிறகு, உங்கள் கடிதத்தில் ஒருவர் மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. விற்பவரின் அம்மா. அந்த வீட்டில் பாதி அவருடையது. "ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்று மகன் சொல்கிறார். அவரிடம் யாராவது கேட்டார்களா? வீடு போனால் அவர் எங்கே போவார், கண்டிக்கா, கனடாவுக்கா? இந்த சனிக்கிழமை தரகர் இல்லாமல், உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அவரோடு உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள். விற்க அவருக்கு விருப்பமா என்று நேரே கேளுங்கள். விருப்பம் என்றால் அவரிடமிருந்தே உறுதியின் பிரதியை வாங்கிக்கொண்டு உங்கள் நொத்தாரிசிடம் போங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், வேறு வீடு தேடத் தொடங்குங்கள்.